ரயில் கேற்றடியில் போட்ட சிலுவை

வெள்ளவத்தை
9 யூன் 1942, செவ்வாய்

சிறிலின் அப்பா அறியவும்,

கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் சேசு மரி சூசை என்ற திருப்பெயர்களை இன்றைக்கு எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிற கடிதத்துக்குள் அவர்களை இழுத்துவிட எனக்கு மனமில்லை.

நான் வெள்ளிக்கிழமை துணிமணியோடு தங்கச்சி புளோறன்ஸ் வீட்டுக்கு வந்ததைப் பற்றிக் கொட்டாஞ்சேனை என்ன கதைக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாம். ஒரே பிள்ளையைப் பட்டாளப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு, பெற்றவளிடம் ஒரு சொல் கேட்காமல் சம்மதக் கடதாசியில் கையெழுத்து வைத்தவர் நீங்கள். அதைப் பற்றி இனிப் பேச்சில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நான் புறப்பட்டபோது பிள்ளை வாசற்படியில் நின்று கைகூப்பி, "தோத்திரம் அம்மா" என்றான். அவன் எழும்பி நிற்கப் பழகிய நாளிலிருந்து செபமாலை முடிந்ததும் சொல்கிற அதே தோத்திரம். முதலில் நான் அவன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போடுவேன், பிறகு நீங்கள். நான் கொஞ்சம் அழுத்தித்தான் போடுவேன், "நோகுது அம்மா" என்பான். அன்றைக்கு உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் அவனைத் தொடாமல் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டேன். சனியும் ஞாயிறும் புளோறன்ஸின் வாசல் படலையைப் பார்த்தபடி இருந்தேன். நீங்கள் அவனைக் கூட்டிவரவில்லை.

நேற்று பிள்ளை ரயில் ஏறுகிற நாள். அதனால் விடிந்ததும் ஒழுங்கையால் இறங்கி, அது கடற்கரைத் தண்டவாளத்தைக் கடக்கிற ரயில் கேற்றடியில் போய் நின்றேன். கடல் கொந்தளித்துத் தூவானம் தண்டவாளம்வரை வந்தது. எல்லாம் வெள்ளையாக, எது வானம் எது தண்ணீர் என்று தெரியவில்லை. நிற்கிறேனா நித்திரையா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. எட்டு மணிபோல் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வண்டி வந்தது. பெட்டி நிறையப் பொடியன்கள், காக்கியும் வெள்ளையுமாக. மூன்றாவது பெட்டியில் ஒருவன் கையை நீட்டி முகம் துடைக்கிற லேஞ்சியை ஆட்டினான். நான் கையை உயர்த்தி நன்றாகச் சிலுவை போட்டேன். வண்டி போய் வெகுநேரம் புளோறன்ஸின் கோப்பைகள் அலுமாரிக்குள் ஆடிக்கொண்டிருந்ததாம். இந்த வீட்டில் ஒவ்வொரு ரயிலுக்கும் அப்படித்தான்.

ஆகவே பிள்ளை என் ஆசீர்வாதத்தோடுதான் போயிருக்கிறான். என்ன சாப்பிட்டான், எந்தச் சேட்டுப் போட்டான், கோட்டை ஸ்ரேசனில் யன்னலோரம் இடம் கிடைத்ததா என்று எழுதவும். இங்கே வர வேண்டாம்.

மாக்ரெட்


கொட்டாஞ்சேனை
12 யூன் 1942

அன்புள்ள மாக்ரெட்டுக்கு,

ஆறு மைல் தூரத்தில் இருந்துகொண்டு முத்திரை ஒட்டிக் கதைக்கிற புருஷன் பெண்சாதியைப் பார்த்துத் தபால்காரருக்கே சிரிப்பு. "அம்மா இன்னும் வெள்ளவத்தையிலோ ஐயா?" என்று கேட்டார். "ஓம், அங்க காத்து நல்லமாம்" என்றேன்.

கேட்டவற்றுக்குப் பதில். பாணும் சம்பலும் சாப்பிட்டான், பாதியை வைத்துவிட்டான். நீர் தைத்த நீலக் கோடு கோடான சேட்டுப் போட்டான். மாதா உத்தரியம் கழுத்தில் கிடந்தது. கோட்டை ஸ்ரேசனில் ஏற்றிவிட்டேன். யன்னலோரம் கிடைத்தது. நீர் கேற்றடிக்குப் போனது நல்லது.

கையெழுத்தைப் பற்றி நீர் பேச வேண்டாம் என்றாலும் நான் சொல்லத்தான் வேண்டும். உயிர்த்த ஞாயிறு பூசை நேரம் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது கோவில் முழுக்க வாங்குகளுக்குக் கீழே கிடந்தது உமக்கு நினைவிருக்கும். வெளியே ஆட்கள் உதவிக்குக் கூப்பிட்டார்கள். சிறில் எழும்பப் பார்த்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எல்லாம் ஓய்ந்து வெளியே வந்தபோது மற்றப் பொடியன்கள் காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மாதம் போனது. பிறகுதான் அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "அப்பா, அண்டைக்கு நீங்கள் பிடிச்ச பிடி இன்னும் நோகுது. இனி விடுங்கோ" என்றான்.

உம்மிடம் கேட்டிருந்தால் நீர் மறித்திருப்பீர். நானும் உமக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை. அது பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

பின்னேரங்களில் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியால் வேலை முடிந்து வந்து கதிரையில் சாய்ந்தால் கண் மூடியும் மூடாமலும் இருக்கிறது. கிணற்றடியில் யாரோ முகம் கழுவுகிற சத்தம். "துவாயை எடுத்துக்கொண்டு போடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். நான் ஆக்குகிற சோற்றைப் பூனை மணந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

உம்முடைய,
சவுந்தரநாயகம்


வெள்ளவத்தை
25 யூன் 1942

சிறிலின் அப்பா அறியவும்,

தியத்தலாவைப் பயிற்சி முகாமிலிருந்து அவன் உங்களுக்குப் போட்ட முதல் கடிதத்தை நீங்கள் அனுப்பியது கிடைத்தது. தலைமயிரை ஒட்ட வெட்டிவிட்டார்களாம். சப்பாத்து கடிக்கிறதாம். காலையில் மலை முழுக்கப் பனிப்புகார், முன்னால் நடக்கிறவனின் முதுகு தெரியாதாம், கால்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடப்பார்களாம். அதை வாசித்ததிலிருந்து எனக்கும் அந்தச் சத்தம்தான். மத்தியானம் கண்ணயர்ந்தால் அவன் கடலுக்கு மேலால் நடந்து வருகிறான். நீரில் கால் நனையவில்லை. "சப்பாத்தைக் கழற்றிப்போட்டு வா" என்று நான் கத்துகிறேன். அவனுக்குக் கேட்கவில்லை.

இப்போது இரண்டு கேள்வி. மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, நேற்று ரயில் கேற்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றேன். என் மகன் தியத்தலாவைக்குப் போனபோது இதே இடத்தில் நின்று பார்த்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, சிங்களத்தில் "ஏ கோச்சிய மே பெத்தட்ட என்னே நே, நோனா" என்றார். மலைநாட்டு வண்டி இந்தப் பக்கம் வராதாம். கோட்டையிலிருந்து மருதானைப் பக்கமாகத் திரும்பிவிடுமாம். இது காலிக்குப் போகிற பாதையாம். நான் என் வாழ்நாளில் ரயில் ஏறியது இரண்டு தரம், இரண்டும் இந்தத் தங்கச்சி வீட்டுக்கு. எல்லா ரயிலும் கடற்கரையால்தான் போகும் என்று நினைத்துவிட்டேன். உங்களுக்கு அது தெரியும்தானே? துறைமுகக் கந்தோரில் இருபது வருஷமாகக் கிளார்க் வேலை பார்க்கிறவருக்கு ரயில்பாதை தெரியாதா? "கேற்றடிக்குப் போனது நல்லது" என்று எழுதியிருக்கிறீர்களே, என்ன நல்லது?

இரண்டாவது, அவனுடைய கடிதத்தில் ஒரு தாள் குறைகிறது. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நீங்கள் அனுப்பிய தாளின் அடியில் தோத்திரம் இல்லை. என் பிள்ளை தோத்திரம் சொல்லாமல் கடிதத்தை முடிக்க மாட்டான். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள்.

மாக்ரெட்


கொட்டாஞ்சேனை
28 யூன் 1942

அன்புள்ள மாக்ரெட்டுக்கு,

நீர் பொலிசில் சேர்ந்திருக்க வேண்டியவர்.

தெரியும். உம்முடைய முதல் கடிதத்தை வாசித்த உடனேயே நீர் பார்த்தது வேறு வண்டி என்று தெரியும். அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தீர். அதைக் கெடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. தாளை எடுத்து வைத்ததற்குக் காரணம் வேறு. அதை எழுத மூன்று தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

நான் அவனை ஸ்ரேசனில் ஏற்றிவிடவில்லை.

அன்று காலையில் அவனுடைய தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ட்ராம் நிற்கும் இடம்வரை கூடப் போனேன். அங்கே அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான். எங்கள் வீட்டில் முதலில் அம்மா, பிறகுதான் அப்பா. நீர் போடாத இடத்தில் நான் எப்படிப் போடுவது? சம்மதக் கடதாசியில் கையெழுத்து வைத்த கை, பிள்ளையின் நெற்றிக்கு எழும்பவில்லை. "நீ போய் இடம் பிடி, கிட்டங்கியில ஒரு சின்ன வேலை இருக்கு, முடிச்சிட்டு ஸ்ரேசனுக்கு வாறன்" என்றேன். அவன் ட்ராமில் ஏறினான். நான் கிட்டங்கிக்குப் போய்ச் சாக்குகளுக்கு நடுவில் நின்றேன். வேலை ஒன்றும் இருக்கவில்லை. ஒவ்வொரு வண்டி கூவும்போதும் இதுதானோ, இதுதானோ என்று நின்றேன். அழுதேன், மாக்ரெட். மூட்டை தூக்குகிற நாட்டாமைகள் பார்த்தும் பாராததுபோல் போனார்கள்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு மனப்பாடம். "மருதானைவரைக்கும் யன்னலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன் அப்பா. உங்களுக்கு வேலை முடிந்திருக்காது" என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே எழுதியிருப்பதை நீரே வாசியும்: "இங்கே படுக்க முன்னம் என் நெற்றியில் நானே சிலுவை போட்டுப் பார்த்தேன். விரல் புரண்டு கோணலாக வருகுது. சரிவருதில்லை. அம்மாவுக்கு என் தோத்திரத்தைச் சொல்லுங்கோ. அம்மா ஓம் எண்டு சொன்னால் எழுதுங்கோ."

சவுந்தரநாயகம்


வெள்ளவத்தை
4 யூலை 1942

சிறிலின் அப்பாவுக்கு,

ஒரு கிழமையாக உங்களைத் திட்டி எழுத வார்த்தை தேடினேன். வரவில்லை. நீங்கள் அந்தச் சாக்குகளுக்கு நடுவில் நின்றதுதான் கண்ணுக்குள் வருகிறது. நானும் நீங்களும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறோம். பிள்ளை இரண்டு பேரிடமும் தோத்திரம் சொல்லி, ஒருவரிடமும் வாங்காமல் போயிருக்கிறான்.

அவனுக்கு எழுதிவிட்டேன். ஓம், ஆயிரம் தரம் ஓம் என்று. கடிதத்தின் அடியில் சிலுவைக்குறியும் கீறினேன். கீறிவிட்டுப் பார்த்தால் கணக்குப் பாடத்தில் கூட்டுகிற குறிபோலக் கிடக்கிறது. விரல் படாமல் என்ன ஆசீர்வாதம்?

அன்றைக்கு லேஞ்சியை ஆட்டின அந்தப் பொடியன் யாரென்று நினைத்துப் பார்க்கிறேன். என் சிலுவையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். திருப்பிக் கேட்க முடியாது. அவனையும் ஒருத்தி பெற்றிருப்பாள்தானே, வைத்துக்கொள்ளட்டும்.

என்னை வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். அவன் கைகூப்பி நின்ற வாசற்படியைத் தாண்டி உள்ளே வர எனக்குக் கால் வராது. இந்தப் பயிற்சி முடிந்து லீவில் வரட்டும். அவன் நெற்றியைத் தொட்ட பிறகு வருகிறேன்.

கருவாடு கொஞ்சம் புளோறன்ஸின் புருஷனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பூனைக்கு.

மாக்ரெட்


கொட்டாஞ்சேனை
2 செப்டெம்பர் 1942

அன்புள்ள மாக்ரெட்டுக்கு,

கருவாட்டைப் பூனைக்குக் கொடுக்காமல் நானே சாப்பிட்டதை முந்தியே எழுதினேன். இது வேறு விஷயம், அவசரம்.

அவனுடைய கடிதம் வந்தது, பயிற்சி முடிந்துவிட்டது. ஆனால் லீவு இல்லையாம். அவனுடைய கூட்டத்தை நேரே வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். எங்கே என்று எழுதக்கூடாது. எழுதிய ஒரு வரியைக் கறுப்பு மையால் பூசியிருக்கிறார்கள், வெளிச்சத்துக்குப் பிடித்தாலும் தெரியவில்லை. ஆனால் கடைசியில் இப்படி ஒரு வசனம் இருக்கிறது: "சனிக்கிழமை காலை புளோறன்ஸ் சின்னம்மாவின் கோப்பைகள் கவனம் எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ."

மை பூசிய அதிகாரிக்குக் கோப்பை கோப்பைதான். எனக்கு இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் உறைத்தது. கோப்பைகள் ஆடுவது ரயில் போகும்போது. அப்படியென்றால் தெற்கே போகிறான். கோட்டைக்கு வந்து, கடற்கரைப் பாதையால், அந்தக் கேற்றைத் தாண்டி. இந்த முறை வண்டி உண்மையாகவே உம்முடைய பக்கம் வருகிறது, மாக்ரெட்.

வெள்ளவத்தையில் நிற்காது. எத்தனை மணிக்கென்றும் தெரியாது. சனிக்கிழமை பத்துமணிவரை லீவு கேட்டுவிட்டேன். துறைமுகத்தில் இப்போது இருக்கிற நெருக்கத்தில் பெரிய கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மகனைப் பார்க்க" என்றேன். பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

"இங்கே வர வேண்டாம்" என்று யூனில் எழுதினீர். அந்தக் கட்டளை இன்னும் இருக்கிறதா? உமக்குப் பக்கத்தில் நிற்க விடுவீரா?

சவுந்தரநாயகம்


வெள்ளவத்தை
6 செப்டெம்பர் 1942, ஞாயிறு

சிறிலின் அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் நின்றபோது எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் வேலைக்கு ஓட வேண்டும். "வாரும், வீட்ட போவம்" என்றீர்கள், நான் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு உங்களைப் பார்க்கிறேன். சேட்டுக் கொலர் அழுக்கு. இளைத்துவிட்டீர்கள். ஒழுங்கையால் குடையை ஊன்றிக்கொண்டு வந்தபோது கலியாணத்துக்குப் பெண்பார்க்க வந்த அன்றைக்கு வந்ததுபோல் பயந்து பயந்து வந்தீர்கள். சிரிக்க வேண்டும்போல இருந்தது. சிரிக்கவில்லை.

பதினொரு பெட்டி. நான் எண்ணினேன். ஒரு யன்னல்கூடத் திறந்திருக்கவில்லையே! எல்லாவற்றிலும் மரப்பலகையை இறக்கிவிட்டிருந்தார்கள். எந்தப் பெட்டியில் என் பிள்ளை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பெட்டிக்கும் போட்டேன். நான் போட்ட பிறகு நீங்கள் போட்டீர்கள். அந்த அவசரத்திலும் நான் முதல் போடட்டும் என்று நீங்கள் பொறுத்து நின்றதைக் கண்டேன். கேற்காரர் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி நின்றார். பிறகு வண்டி தூவானத்துக்குள் போய்விட்டது. வந்ததா, அல்லது நாங்கள் இருவரும் ஒரே கனவைக் கண்டோமா என்றிருந்தது.

போன முறை யாரோ ஒரு பிள்ளைக்காவது கிடைத்தது. இந்த முறை மரப்பலகைக்குப் போட்டிருக்கிறேன். அவனுக்கு அது தெரியவா போகிறது? நாங்கள் அங்கே நின்றதே அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வர இன்னும் கால் வரவில்லை. கோபிக்க வேண்டாம்.

கொலரைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து வெயிலில் போடுங்கள்.

மாக்ரெட்


கொட்டாஞ்சேனை
14 செப்டெம்பர் 1942

அன்புள்ள மாக்ரெட்டுக்கு,

அவனுடைய கடிதம் இன்று வந்தது. மூன்று தாள், மூன்றையும் அனுப்புகிறேன். நீரே எண்ணிப் பாரும். கடைசித் தாளை மட்டும் இங்கேயும் எழுதுகிறேன். எழுதினால் அதை இன்னொரு தரம் கேட்டதுபோல் இருக்கும்.

"அப்பா, யன்னல் பலகை எல்லாம் இறக்கித்தான் எங்களைக் கொண்டுவந்தார்கள். உள்ளுக்கு இருட்டு, எந்த ஊர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பாதிப் பேர் நித்திரை. எனக்கு மட்டும் தெரியும். கோட்டைக்குப் பிறகு கடல் மணத்தது. நான் ஒவ்வொரு ஸ்ரேசனாக எண்ணிக்கொண்டு வந்தேன். சின்னம்மாவின் கோப்பைகள் ஆடுகிற இடம் வந்ததும் எழும்பிக் கைகூப்பித் தோத்திரம் சொல்லி, நெற்றியைப் பலகையோடு வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா நிற்பா எண்டு தெரியும். நீங்களும் நிற்பீங்கள் எண்டு நினைத்தேன். சார்ஜன், 'என்னடா, நிண்டுகொண்டு நித்திரையா?' எண்டு கேட்டார். 'ஓம் சேர்' எண்டேன்.

பலகையைத் திறக்க விட்டபோது பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நெற்றியில் பலகையின் வரி பதிந்துபோய்ச் சிவந்து கிடந்ததாம். தடவிப் பார்த்தேன், நொந்தது. அம்மா போட்டதுதான். அம்மா எப்பவும் கொஞ்சம் அழுத்தித்தானே போடுவா."

கொலரைத் தோய்த்துவிட்டேன்.

உம்முடைய,
சவுந்தரநாயகம்


சேசு மரி சூசை

வெள்ளவத்தை
15 செப்டெம்பர் 1942

சிறிலின் அப்பாவுக்கு,

வியாழக்கிழமை காலை எட்டுமணி வண்டியில் வீட்டுக்கு வருகிறேன். அது கோட்டைக்குத்தான் போகிறதா என்று கேற்காரரிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டேன்.

ஸ்ரேசனுக்கு வந்து நில்லுங்கள். கிட்டங்கிக்குப் போய்விடாதீர்கள்.

உங்கள்,
மாக்ரெட்